பத்து கிராமின் இழுப்பு

இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட சோழவரம் ஓடுதளத்தில்தான் வெகுகாலம் சென்னையின் மோட்டார் பந்தயம் நடந்தது. 1990ல் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறியது. அந்தப் பந்தய இன்ஜின்களைப் பிரித்துச் சேர்த்த பட்டறை ஒன்றில் நான் தொழில் பழகினேன்.

இன்ஜின் உதறாமல் ஓட, அசையும் பாகங்களின் எடையைச் சமன் செய்யும் பேலன்சிங் வேலை அங்கே உண்டு. பிஸ்டன்களை நகைத் தராசில் நிறுப்போம். இருப்பதில் லேசானதை அளவாக வைத்து, மற்றவற்றின் உட்புறத்தைச் சுரண்டுவோம். கனெக்டிங் ராடின் பெரிய முனை சுற்றும், சின்ன முனை மேலும் கீழும் போகும். அதனால் ஒரு முனையைத் தொங்கவிட்டு மறுமுனையைத் தனியாக நிறுக்க வேண்டும். ஃப்ளைவீலைத் தண்டில் கோத்துக் கத்திமுனைகளில் உருட்டினால் கனத்த பக்கம் கீழே வந்து நிற்கும். அங்கே துளை போடுவோம்.

கிராங்க் ஷாஃப்டுக்கு இது போதாது. ஒரு கோடியில் மேலேயும் மறுகோடியில் கீழேயும் கனம் இருந்தால் கத்திமுனையில் சாதுவாக நிற்கும், சுற்றினால்தான் உதறும். இப்படிச் சுழற்றிப் பார்க்கும் இயந்திரத்துக்குக் கனடாவின் மார்ட்டின்சன் 1870லேயே காப்புரிமை பெற்றார். ஜெர்மனியில் ஃபிரான்ஸ் லவாசெக் 1907ல் உருவாக்கியதை டார்ம்ஸ்டாட் நகரத்து ஷெங்க் நிறுவனம் தொழிலாக வளர்த்தது.

இந்த உதறலின் கணக்கு எளிது. மையத்திலிருந்து 4 செ.மீ. தள்ளி 10 கிராம் கூடுதலாக இருந்தால், நிமிடத்துக்கு 3,000 சுற்றில் 4 கிலோ இழுப்பு. 6,000 சுற்றில் 16 கிலோ. அந்த அடி முழுவதும் பேரிங்குக்குத்தான். அதனால் கார்புரேட்டருக்குச் செலவழிக்கும் முன் பேலன்சிங்குக்குப் பணம் எடுத்துவை என்பார் எங்கள் மேஸ்திரி.