மலையும் இசையும்: 1977, இரண்டு பயணங்கள்

வெலிமடை ஆட்டோக்களின் பின்கண்ணாடியில் பாப் மார்லியின் முகத்தை இன்றும் பார்க்கலாம். அவருடைய ‘எக்ஸடஸ்’ இசைத்தட்டு வெளிவந்த நாட்களில் நம் தோட்டங்களில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

1976 டிசம்பர் 3 இரவு, ஜமைக்காவின் கிங்ஸ்டனில் மார்லியின் வீட்டுக்குள் துப்பாக்கியோடு புகுந்தார்கள். அவருக்கு மார்பிலும் கையிலும் காயம். மனைவி ரீட்டாவுக்கும் குண்டு பட்டது. இரண்டே நாளில் மேடையேறிப் பாடினார். பிறகு நாட்டைவிட்டே போனார். லண்டனில் பதிவு செய்த அந்தத் தட்டு 1977 ஜூன் 3-ல் வந்தது. முதல் பக்கத்தில் வேதமும் கோபமும். அதன் முடிவில் ஏழு நிமிடத்துக்கு மேல் நீளும் தலைப்புப் பாடல். ஆஸ்டன் பாரட்டின் பேஸ் கிட்டாரும் தம்பி கார்ல்டனின் டிரம்ஸும் அதில் ஓயவே ஓயாது. ஒரு சனமே மூட்டை முடிச்சோடு நடப்பதுபோல் இருக்கும். திருப்பிப் போட்டால் காதலும் ஆறுதலும்.

‘ரோலிங் ஸ்டோன்’ இதழில் எழுதிய கிரேல் மார்கஸுக்குத் தட்டு திருப்தி தரவில்லை. ஆனால் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் அது 56 வாரம் இடைவிடாமல் நின்றது. 1999-ல் ‘டைம்’ இதழ் அதை நூற்றாண்டின் சிறந்த ஆல்பம் என்றது. குண்டடி பட்டவன் ஆறுதல் பாடுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அந்த இரண்டாம் பக்கத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஜமைக்கா நமக்கு அந்நியமல்ல. அங்கே கோப்பிப் பயிர்ச்செய்கை கற்ற ராபர்ட் பாய்ட் டைட்லர் 1837-ல் இலங்கைக்கு வந்தார். அவர் கொண்டுவந்த மேற்கிந்திய முறைதான் கண்டிச் சீமைத் தோட்டங்களில் பரவியது. அங்கே அடிமைகள் செய்த வேலையை இங்கே கங்காணியின் கடனில் கட்டுண்டு நம் முப்பாட்டன்மார் செய்தார்கள்.

அவர்களின் வழிவந்தவர்களைப் பங்கிட 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பமிட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974-ல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். ‘எக்ஸடஸ்’ வந்தபோதும் அந்தப் பயணம் முடியவில்லை. பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் தகரப் பெட்டியோடு கோச்சி ஏறினார்கள். தலைமன்னாரில் ‘ராமானுஜம்’ கப்பல், அக்கரையில் மண்டபம் முகாம். 1973–74 பட்டினியில் நொந்து விரும்பியே போனவர்களும் உண்டு. ஆனால் மார்லி சார்ந்திருந்த ரஸ்தாபாரி சமயத்தார் ஆப்பிரிக்காவுக்குத் திரும்புவதைக் கனவு கண்டு பாடினார்கள். லயத்துக் காம்பிராவில் பிறந்து கொழுந்தெடுத்து வளர்ந்த பெண்ணுக்கு அக்கரையில் என்ன கனவு இருந்திருக்கும்? தங்குபவர் போகிறவரைக் கட்டிக்கொண்டு கோச்சி மேடையிலேயே ஒப்பாரி வைத்தார்கள். அதற்கு விமர்சனம் எழுத எந்த இதழும் வரவில்லை. தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தொகுக்க நமக்கு ஒரு சி.வி. வேலுப்பிள்ளை இருந்தார், அது பெரும் பேறு.

2021-ல் பாடகர் அறிவும் பாடகி தீயும் பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’ அந்தக் கதையை உலகுக்குக் கொண்டுபோனது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர். அதே ஆண்டு ‘ரோலிங் ஸ்டோன்’ இதழின் இந்தியப் பதிப்பு அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி கேட்ட பிறகே அறிவுக்கென்று இணைய அட்டை ஒன்று வந்தது. வள்ளியம்மாளைப் போன்றவர்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடி கொழுந்துக்கூடை சுமந்ததை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

(தொடரும்)