புதிய சடங்கும் பழைய மூலிகையும்

பழமையானது என்று கூறப்படும் எதனையும் ஆராயாமலே மதிப்பது மக்கள் இயல்பு. அம்மதிப்பு எவ்வளவு தகும் என்பதற்கு இங்கிலாந்தின் வரலாறு நல்லதொரு சான்று தருகின்றது.

கிறித்தவத்துக்கு முற்பட்ட தெய்வங்களைப் போற்றி, மெழுகுதிரி ஏற்றி, ஆண்டுக்கு எட்டுப் பருவ விழாக்கள் எடுத்து, மூலிகை நீர் அருந்தி மனவமைதி தேடுவோர் அந்நாட்டில் பலர் உளர். 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 74,000 பேர் தம்மைப் ‘பேகன்’ சமயத்தவர் எனப் பதிந்தனர்.

இவ்வியக்கத்தைத் தோற்றுவித்தோருள் முதன்மையானவர் ஜெரால்ட் கார்ட்னர் (1884–1964). அவர் 1900ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் தொழில் பழகியவர். பின்னர் போர்ணியோவிலும் மலாயாவிலும் பணியாற்றி, 1936இல் இங்கிலாந்து மீண்டார். சூனியம் பற்றிய 1735ஆம் ஆண்டுச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. அதன்பின் 1954இல் அவர் வெளியிட்ட நூல், பண்டைச் சமயமொன்று மறைவாக உயிர் பிழைத்து வந்ததெனக் கூறிற்று. ஆயின், வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் 1999இல் வெளியிட்ட ஆய்வு, அத்தகைய அறுபடாத மரபுக்குச் சான்றில்லை எனக் காட்டிற்று. விழாக்கள் எட்டும் ஒரே வரிசையாக இணைக்கப்பட்டதும் 1950களிலேயேயாம்.

மூலிகை அறிவோ மெய்யாகவே பழையது. எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டமொன்று, மூலிகைக் குணம் அறிந்த எளிய மக்களும் வைத்தியஞ் செய்ய இடமளித்தது. இலத்தீனில் இருந்த மருந்து நூலைக் கல்பெப்பர் என்பார் 1649இல் ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1775இல் மருத்துவர் வில்லியம் விதறிங், ஷ்ரொப்ஷயரில் முதியவள் ஒருத்தி நெடுங்காலம் மறைத்துவைத்திருந்த கைமருந்தொன்றைப் பற்றி அறிந்தார். உடல்வீக்கத்தைத் தணித்த அம்மருந்தில் இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் கலந்திருந்தன. அவற்றுள் பயன் தந்தது ‘பொக்ஸ்குளோவ்’ என்னும் ஒன்றே என உணர்ந்து, பத்தாண்டுகள் நோயாளரிடம் அளவறிந்து கொடுத்து, முடிவுகளை 1785இல் வெளியிட்டார். அளவு மிகுந்தால் உயிரையே கவரும் நஞ்சு அது. முதியவளின் அறிவும் மருத்துவரின் அளவுகோலும் கூடியபோதே அது நம்பத்தக்க மருந்தாயிற்று.

நடுக்கோடை விழாவுக்குரிய புனித யோவான் பூண்டையும் இங்கே கருதலாம். மனச்சோர்வு நீங்க இதனை உட்கொள்வோர் பலர். ஆனால், இது குருதி உறையாதிருக்கக் கொடுக்கப்படும் சில மருந்துகளின் வலிமையைக் குறைத்துவிடும். கருத்தடை மாத்திரைகளின் பயனையும் கெடுக்கும். ஆகவே, வேறு மருந்து உண்பவர் மருத்துவரிடம் கேளாமல் இதனை உண்ணல் ஆகாது.

மாலையில் விளக்கேற்றிச் சிறிது நேரம் அமைதியாக அமர்ந்திருப்பவருக்கு அச்சடங்கு ஆயிரம் ஆண்டுப் பழமையுடையதாக இருக்க வேண்டியதில்லை. அது நேற்றுத் தோன்றியதாயினும் மனத்தை ஆற்றக்கூடும். ஆனால், அவர் கையிலுள்ள கிண்ணத்து மூலிகைக்குப் பழமை மட்டும் போதாது. அதன் குணமும் அளவும் அறியப்பட்டிருத்தல் வேண்டும். சடங்கின் பேரிற் கொண்ட நம்பிக்கையை மூலிகையின் மேலும் ஏற்றிவிடாதிருப்பதே உடலையும் உள்ளத்தையும் பேண விரும்புவோர்க்கு இவ்வரலாறு தரும் பாடமாகும்.