இரண்டும் முப்பத்தைந்தும்

இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு தெருமுனையில் தென்பட்ட மாத்திரத்தில் வீட்டுக்காரர் கொல்லைப்புறக் கதவைத் திறந்துகொண்டு ஓடுவதாகவும், மனைவி வாசலுக்கு வந்து "அவர் ஊரில் இல்லை" என்று சாதிப்பதாகவும், ஏஜெண்டோ அதற்குள் கொல்லைப்புறத்துக்கே போய்க் காத்திருப்பதாகவும் பத்திரிகைகளில் வெளிவந்த துணுக்குகள் ஒரு தலைமுறை வாசகர்களைச் சிரிக்க வைத்தன. அந்தச் சிரிப்பில் ஒரு விவேகம் இருந்தது. வருகிறவன் விற்க வருகிறான் என்பது ஓடுகிறவருக்குத் தெரியும். தாம் விரும்பப்படாத விருந்தாளி என்பது வருகிறவனுக்கும் தெரியும். வயோதிகர்கள் தங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பைப் பொருத்தமற்ற நீண்டகால இன்ஷூரன்ஸ் திட்டங்களில் பறிகொடுத்த நிகழ்ச்சிகள் நம் காலத்தில் பெருகியதற்கு உள்ள காரணங்களுள் முதன்மையானது, அவர்கள் ஓட மறந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஓடுவானேன், இம்முறை அவர்கள் அகப்பட்டுக்கொண்டது தங்கள் வாசலில் அன்று, பணத்துக்குப் பத்திரமான இடம் என்று நம்பித் தாமாகவே போய் உட்கார்ந்த வங்கியின் நாற்காலியில்.

இந்த வியாபாரம் இந்தியாவுக்கு வந்தபோது இந்தியர்களை நாடி வரவில்லை. 1818இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்ட ஓரியண்டல் லைஃப் கம்பெனியும், 1829இல் சென்னை ராஜதானியில் வியாபாரம் தொடங்கிய மெட்ராஸ் ஈக்விடபிளும் ஐரோப்பியரின் க்ஷேமத்தை உத்தேசித்தவை. சுதேசிகளின் ஆயுளை நம்புவதற்கில்லை என்று கருதிய அக்காலத்துக் கம்பெனிகள், அவர்களைச் சேர்த்துக்கொண்டபோதும் அதிகப்படியான பிரீமியம் வசூலித்தன. 1870இல் பம்பாய் மியூச்சுவல் என்ற ஸ்தாபனம் பிறந்து, இந்தியனின் ஆயுளுக்கும் சாதாரண விகிதமே போதும் என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் இத்தொழில் நம் நாட்டில் வேர்விட்டது. சுதேசி இயக்கத்தின் உத்வேகத்தில் 1906இல் சென்னையில் யுனைடெட் இந்தியா கம்பெனி தோன்றியது. அதே ஆண்டு அக்டோபரில்தான் ஆர்பத்நாட் வங்கி முறிந்து, தென்னாட்டின் பென்ஷன்தாரர்களும் விதவைகளும் தங்கள் டெபாசிட்டை இழந்து நின்றார்கள்; அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் பதினெட்டு மாதக் கடுங்காவல் அனுபவித்தார்; மறு ஆண்டு வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோரின் முயற்சியால் இந்தியன் வங்கி உதயமாயிற்று. வயோதிகரின் சேமிப்பு வங்கியில் கரைவது நமக்குப் புதிதன்று என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். ஆனால் அன்று வங்கி முறிந்ததால் பணம் போயிற்று. நான் சொல்ல வந்த கதையிலோ வங்கிக்கு ஒரு குறையும் நேரவில்லை.

ஆயுள் இன்ஷூரன்ஸ் எவருக்காக ஏற்பட்டது என்பதில் ஐயத்துக்கே இடமில்லை. மனைவியும் சிறு குழந்தைகளும் தன் ஒருவன் சம்பாத்தியத்தை நம்பியிருக்கும் முப்பது வயதுக்காரன் திடீரென்று இறந்துபோனால் அந்தச் சம்பாத்தியத்துக்கு ஈடாக ஒரு தொகை குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டும் என்பதே அதன் தாத்பரியம். அப்படிப்பட்ட சுத்தமான ஏற்பாட்டுக்குப் பிரீமியமும் சொற்பமே. ஆனால் செத்தால் மட்டுமே பணம் என்றால் கேட்பவருக்கு முகம் சுளிக்கும், அபசகுனமாகவும் படும்; ஆகையால் பிழைத்திருந்தாலும் இருபதாம் ஆண்டு முடிவில் போனஸுடன் முதிர்வுத் தொகை என்று சேமிப்பையும் அத்துடன் முடிச்சுப் போட்டு எண்டோமெண்ட் என்னும் கலப்புச் சரக்கை விற்றார்கள். மகளின் கல்யாணத்துக்கென்று மாதச் சம்பளத்தில் பிடித்துக் கட்டிய குமாஸ்தாக்களுக்கும் உபாத்தியாயர்களுக்கும் அது கட்டாயச் சிக்கனமாக உதவியதை நான் மறுக்கவில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: சேமிப்பு நீண்ட காலம் கிடக்க வேண்டும், ஆண்டுதோறும் கட்டுவதற்கு வருமானம் வேண்டும், கட்டுகிறவனை நம்பி ஒரு குடும்பம் இருக்க வேண்டும். பிள்ளைகள் தலையெடுத்து, உத்தியோகம் முடிந்து, கையில் இருக்கும் மொத்தத் தொகையின் வட்டியில் காலம் தள்ளும் எழுபது வயதுக்காரரிடம் இம்மூன்றில் ஒன்றுகூட இல்லை.

அவர் மடியில் இது வந்து விழுந்த விந்தைக்கு விடை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1938ஆம் ஆண்டின் இன்ஷூரன்ஸ் சட்டத்தில் 1950இல் நுழைக்கப்பட்ட 40-ஏ என்னும் பிரிவு, ஏஜெண்டுகளுக்குக் கொடுக்கத்தக்க கமிஷனுக்கு உச்ச வரம்பு கட்டிற்று. கம்பெனிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டுக் கமிஷனாகவே பணத்தை வாரி இறைப்பதைத் தடுக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் பிறந்த வரம்பு அது. ஆண்டுதோறும் பிரீமியம் கட்டும் சாதாரண பாலிசியானால் முதலாண்டுப் பிரீமியத்தில் 35 சதவீதம், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு ஏழரை, பிறகு ஐந்து. ஒரே தவணையில் கட்டித் தீர்க்கும் பாலிசியானால் வெறும் 2. தொழில் தொடங்கிப் பத்தாண்டு நிறையாத கம்பெனி முதலாண்டில் 40 வரை கொடுக்கலாம் என்று ஒரு சலுகையும் கூடவே இருந்தது. கொளுத்தும் வெயிலில் குடையும் தோல்பையுமாகப் பத்து வீட்டுப் படியேறி ஒன்பது வீட்டில் அவமானப்பட்டுத் திரும்பும் மனிதனுக்கு, பத்தாவது வீட்டில் கிடைக்கும் கூலி தாராளமாக இருக்க வேண்டும் என்பது அன்றைய நியாயம். இருபது ஆண்டுகள் தவறாமல் பிரீமியம் கட்டப்போகிற இளைஞன் விஷயத்தில் அந்த நியாயம் பெரிதாகப் பிசகவும் இல்லை. மொத்தத் தொகையோடு வரும் கிழவருக்குத்தான் அது எமனாயிற்று. அவருடைய இரண்டு லட்ச ரூபாயை ஒரே தவணையாக வாங்கினால் விற்கிற பக்கத்துக்கு அதிகபட்சம் 4,000 ரூபாய்; அதே தொகையை ஆண்டுத் தவணையின் முதல் தவணை என்று எழுதிக்கொண்டால் 70,000 வரை. பணம் அதே பணம். காகிதத்தில் ஒரு கட்டத்தில் போடும் குறிதான் வேறு.

அரை நூற்றாண்டு இந்த விஷயம் பெரிய தீங்கு விளைவிக்காமல் கிடந்தது. 1956 ஜனவரி 19ஆம் தேதி அவசரச் சட்டத்தின் மூலம் ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழிலை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, இந்தியக் கம்பெனிகளும் அந்நியக் கம்பெனிகளும் பிராவிடெண்ட் சங்கங்களுமாக 245 ஸ்தாபனங்களை ஒன்றாக்கி, செப்டம்பர் முதல் தேதி ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷனை 5 கோடி ரூபாய் மூலதனத்தில் நிறுவியது. யுனைடெட் இந்தியாவுக்காக எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் மவுண்ட் ரோட்டில் எழுப்பத் தொடங்கிய மாளிகை, 1954இல் அவர் சிங்கப்பூர் விமான விபத்தில் மாண்டு, கம்பெனியும் கைமாறிய பிற்பாடு, 1959இல் கார்ப்பொரேஷனின் கட்டடமாகத் திறக்கப்பட்டது. கிராமத்திலிருந்து பட்டணம் பார்க்க வந்தவர்கள் அதன் அடியில் நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து மாடிகளை எண்ணினார்கள். 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவியவரும் இதே சிதம்பரம் செட்டியார்தான் என்பதைப் போகிற போக்கில் கவனிக்கலாம். வங்கியும் இன்ஷூரன்ஸும் ஒரே தனவணிகர் கையில் இருந்த அந்நாளிலும், டெபாசிட் போட ஒரு படி, பாலிசி எடுக்க வேறொரு படி என்றுதான் ஜனங்கள் ஏறி இறங்கினார்கள்.

அந்த இரு படிகளும் ஒன்றானது 2000இல். இன்ஷூரன்ஸ் துறைச் சீர்திருத்தத்தை ஆராய்ந்த மல்ஹோத்ரா கமிட்டி 1994இல் அளித்த அறிக்கையும், 1999இல் நிறைவேறிய சட்டமும் வழிவிட, தனியார் கம்பெனிகள் அந்நியக் கூட்டாளிகளுடன் வந்து சேர்ந்தன. வங்கிகளும் இன்ஷூரன்ஸ் விற்கலாம் என்று அனுமதி கிடைத்தது. வந்த கம்பெனிகள் யாவும் பத்தாண்டு நிறையாதவை. ஆகவே 40 சதவீதச் சலுகைக்குப் பாத்திரமானவை. புதிய கம்பெனிக்குத் தெருத் தெருவாக ஏஜெண்டுகளைத் திரட்டுவது கஷ்டசாத்தியம். வங்கிக்கோ ஒவ்வொரு கிளையிலும் ஆள் உண்டு, அதற்கு மேல் ஓர் அமூல்யமான தகவலும் உண்டு: எந்தக் கிழவருடைய ஃபிக்ஸட் டெபாசிட் எந்தத் தேதியில் எவ்வளவு தொகைக்கு முதிர்கிறது என்பது. பழைய ஏஜெண்டு ஊரெல்லாம் அலைந்து மோப்பம் பிடித்த விஷயம் இங்கே கம்ப்யூட்டரைத் தட்டினால் வரிசையாக வந்து நின்றது.

என் பெரியப்பாவின் அனுபவத்தை இங்கே சொல்வது தகும். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்; கணக்கில் புலி; காய்கறிக்காரியின் தராசை நம்பாமல் வீட்டில் தனித் தராசு வைத்திருந்தவர். 2007இல் அவருடைய டெபாசிட் ஒன்று முதிர்ந்தபோது, அவர் கணக்கு வைத்திருந்த கிளையில் ஓர் இளம்பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, காப்பி வரவழைத்து, "எஃப்.டி. மாதிரிதான் தாத்தா, வட்டி மட்டும் கூட வரும், பேரன் பேர்ல போட்டுடலாம், காலேஜ் சேர்ற சமயத்துக்கு ஆகும்" என்றாளாம். அவர் வயதுக்குப் பாலிசி கிடையாதாகையால் பேரனின் ஆயுள் மீது பாலிசியும், பணம் கட்டுகிறவர் என்ற இடத்தில் இவர் பெயரும் ஏறின. மனுவின் மொழி அறியாதவருக்கு அதன் உள்ளடக்கம் முழுவதும் விளக்கப்பட்டது என்று சான்று எழுத வேண்டும் என ஒழுங்குவிதி ஒன்று உண்டு. பெரியப்பாவுக்கோ இங்கிலீஷ் நன்றாகவே தெரியும், ஆகவே அந்தப் பாதுகாப்பும் பயன்படவில்லை. தபாலில் வந்த பத்திரத்தைப் பிரிக்காமல் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்று அதில் அச்சிட்டிருந்த பதினைந்து நாள் அவகாசம் பெட்டிக்குள்ளேயே கழிந்தது. மறு ஆண்டு, இன்னும் இரண்டு லட்சம் கட்டும்படி கடிதம் வந்தபோதுதான் தாம் போட்டது டெபாசிட் அல்ல, முதல் தவணை என்பது அவருக்கு விளங்கிற்று.

அவர் வாங்கியது யூலிப் என்று வழங்கும் வகை: பிரீமியத்தின் ஒரு பகுதி ஆயுள் காப்புக்கும் செலவுகளுக்கும் போக, மிச்சம் பங்குச்சந்தையில் இறங்கும். சந்தை ஏறிய அவ்வாண்டுகளில் அது மளமளவென்று விற்றது. மூன்றாண்டுக்குப் பணத்தை எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையை, மூன்றாண்டு கட்டினால் போதும் என்று வாய்ப்பேச்சில் மாற்றி விற்றார்கள். சில திட்டங்களில் முதலாண்டுப் பணத்தில் பாதிக்கு மேலும் கட்டணமாகவே கழிந்தது. கட்ட முடியாமல் நிறுத்தியவர்கள் கழிவு போக எஞ்சியதைத்தான் பார்த்தார்கள். 2004–05 முதல் 2011–12 வரையான காலத்தில் இவ்விதம் காலாவதியான பாலிசிகளால் ஜனங்கள் இழந்த தொகை ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் என்று மோனிகா ஹாலன், ரேணுகா சானே, சூசன் தாமஸ் ஆகிய மூவரும் தங்கள் ஆராய்ச்சிக் கட்டுரையில் மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆர்பத்நாட்டுக்கு ஊர் திரண்டு அழுதது. இதற்கு அழுகுரல் கேட்கவில்லை, ஏனெனில் ஒவ்வொருவரும் தாம் மட்டும் ஏமாந்ததாக எண்ணி வெட்கத்தினால் வாயை மூடிக்கொண்டார்கள்.

அதன் பின் நடந்தது அதிகாரிகளின் யுத்தம். 2009 ஆகஸ்டில் மியூச்சுவல் ஃபண்டுகளின் நுழைவுக் கட்டணத்தை ஒழித்த, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி, யூலிப்பும் முதலீடே என்று வாதித்து, 2010 ஏப்ரல் 9ஆம் தேதி பதினான்கு கம்பெனிகளுக்குத் தடை விதித்தது; இன்ஷூரன்ஸ் ஒழுங்காணையம் அத்தடையைப் பொருட்படுத்த வேண்டாம் என்று எதிர் உத்தரவு போட்டது; ஜூன் 18இல் அவசரச் சட்டம் வந்து யூலிப்பை ஒழுங்காணையத்தின் வசமே விட்டது. எனினும் செப்டம்பர் முதல் புதிய விதிகள் அமலாகி, முடக்கக் காலம் ஐந்தாண்டு ஆயிற்று, கட்டணங்களுக்கும் வரம்பு வந்தது. செபி தோற்றும் ஜெயித்தது என்பது என் அபிப்பிராயம்.

தண்ணீரை ஒரு மடையில் அடைத்தால் அடுத்த மடையில் பாயும் என்பது குடியானவனுக்குத் தெரிந்த விஷயம். யூலிப்பில் லாபம் சுருங்கியதும் விற்பனை மறுபடியும் பழைய எண்டோமெண்டுக்குத் திரும்பிற்று. அங்கே கட்டணம் இன்னதென்று வெளியே தெரியாது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தியவருக்குச் சரண்டர் மதிப்பு என்று அப்போது ஒரு காசும் வரவில்லை. 2013இல் வந்த விதிகளில் கமிஷன் பிரீமியம் கட்டும் காலத்தோடு பிணைக்கப்பட்டது: ஐந்தாண்டுக்கு 15 சதவீதம், ஏறிக்கொண்டே போய்ப் பன்னிரண்டாண்டும் அதற்கு மேலும் என்றால் பழைய 35. நீண்ட காலச் சேமிப்பை ஊக்குவிப்பது நோக்கம் என்றார்கள். எழுபது வயதுக்காரருக்கு எத்தனை ஆண்டுத் திட்டத்தை எழுத விற்பனையாளருக்கு மனம் வரும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. 2024 அக்டோபர் முதல், ஓராண்டுப் பிரீமியம் கட்டியவருக்கும் சரண்டர் மதிப்பில் ஓரளவு பங்கு உண்டு என்று ஆயிற்று. பத்திரத்தைத் திருப்பித் தரும் அவகாசமும் முப்பது நாளாக நீண்டது. மாறுதல் வர முக்கால் நூற்றாண்டு பிடித்தது.

1998ஆம் ஆண்டின் விதிகளின்படி ஏற்பட்ட இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளருக்குச் சென்னையிலும் ஓர் அலுவலகம் உண்டு. வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை, வெள்ளைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் விசாரிப்பார். அங்கே போகலாம் என்று நான் பெரியப்பாவை எவ்வளவோ வற்புறுத்தினேன். மனு எழுதவும் உட்கார்ந்தோம். விற்றவர் சொன்னது என்ன என்று எழுத வேண்டிய இடம் வந்ததும், அந்தப் பெண்ணின் பெயரைப் போட அவர் சம்மதிக்கவில்லை. காகிதம் அங்கேயே நின்றது. மூன்றாண்டு முடிந்து கைக்கு வந்தது, போட்டதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அதை வாங்கப் போன அன்று அந்த நாற்காலியில் வேறொரு பிள்ளை உட்கார்ந்திருந்தான். எழுந்து நின்று, தாத்தாவுக்குக் காப்பி சொல்லட்டுமா என்று கேட்டான். பெரியப்பா வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, முன்பு இங்கே இருந்த பெண்ணை எந்த ஊருக்கு மாற்றியிருக்கிறார்கள், அவளுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.