திருச்சிராப்பள்ளி அளித்த வாக்கு

காரியங்களைக் கலந்தாலோசித்து முடிவு செய்யும் மஷூராவை நம் மார்க்கம் போற்றுகிறது. அல்குர்ஆனின் 42ஆவது அத்தியாயத்தின் பெயரே ‘அஷ்ஷூரா’. விடுதலை பெற்ற நாட்டின் ஆலோசனை அவையில் நமக்கு இடம் கிடைக்குமா என்ற அச்சம் நம் முன்னோர்க்கு இருந்தது. 1947 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில், முஸ்லிம் உறுப்பினர்களை முஸ்லிம்களே தேர்ந்தெடுக்கும் தனித் தொகுதி முறையைச் சென்னை மாகாணத்தின் பி. போக்கர் சாஹிப் கோரினார். சபை ஏற்கவில்லை.

பொதுத் தொகுதியான திருச்சிராப்பள்ளியில் நடந்ததைப் பார்ப்போம். 1952இல் அது சுயேச்சையான எட்வர்ட் பால் மதுரத்தை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. 1957இல் காங்கிரஸின் எம்.கே.எம். அப்துல் சலாமை அனுப்பியது. ஸ்ரீரங்கக் கோபுரங்கள் நிழலிடும் மண்ணில், இந்துக்கள் பெரும்பான்மையினரான தொகுதியில் இது நிகழ்ந்தது.

எங்கும் இவ்வாறு நிகழவில்லை. முன்னோரின் அச்சம் வீணானது என நாம் சொல்லவில்லை. ஆயினும் அண்டை வீட்டார் நம்மவருக்கு அளித்த வாக்கு ஓர் அமானிதம். நாம் அளிக்கும் வாக்கும் மதம் பாராமல் நீதியாளரைச் சேர்வதே அதற்குரிய நன்றியாகும்.