மன்னாருக்கு வாடகை வாகனம்: ஒரு பாதையின் கதை

விடுமுறையில் ஊர் திரும்பும் புலம்பெயர்ந்த நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று அண்மைக் காலமாக அடிக்கடி வருகிறது. "கட்டுநாயக்காவில் இறங்கியதும் நேரே மன்னாருக்கு ஒரு வான் பிடிக்கலாமா? எந்தப் பாதையால் போவது நல்லது?" என்பதே அது. கழுதைகள் உலாவும் தெருக்கள், பள்ளிமுனையில் நிற்கும் பருத்த பெருக்கமரம், வங்காலைச் சதுப்பு நிலத்தில் வந்திறங்கும் பூநாரைகள், தலைமன்னார்க் கடலுக்குள் நீளும் மணல் திட்டுகள் ஆகியவற்றைப் படங்களில் கண்டவர்கள் இவ்வாறு கேட்பது இயல்பே.

கேள்விக்கான நேரடி விடை சுருக்கமானது. பிடிக்கலாம். நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி, செட்டிகுளம், முருங்கன் வழியாக ஏறத்தாழ 300 கிலோமீட்டர். ஆறு மணித்தியாலம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். வாடகையைக் கிலோமீட்டர்க் கணக்கிலும் பேசலாம், மொத்தமாகவும் பேசலாம். வாகனம் வெறுமையாகத் திரும்பும் தூரமும் அத்தொகைக்குள் அடங்குமா, சாரதி இரவு தங்கினால் அவரது உணவும் படுக்கையும் யார் பொறுப்பு என்பவற்றை முற்கூட்டியே தீர்த்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. யாழ்ப்பாணத்திலிருந்து வருவோர்க்குப் பூநகரி ஊடாக வரும் ஏ-32 வீதி இருக்கிறது. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் அது பழைய துன்பங்கள் இல்லாத பாதையாகிவிட்டது.

இவ்வளவும் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் போதும். ஆனால், பணம் கொடுத்தால் வாகனம் வரும், ஏறி அமர்ந்தால் மன்னார் வரும் என்னும் இந்த எளிய ஏற்பாடு அப்பாதைக்கு மிகப் புதியது. மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை செல்லும் ஏ-14 வீதியின் வழித்தடத்தில் கடந்த இரு நூற்றாண்டுகளில் சென்றவர்களுள் மிகப் பெரும்பாலானோர் விரும்பிச் சென்ற பயணிகள் அல்லர். வாகனத்தின் குளிரூட்டியை இயக்கிவிட்டுக் கண்ணயர்வதற்கு முன்னர் அந்தக் கதையை ஒருமுறை கேட்டுவிடுவது தகும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

பண்டைய மன்னாருக்கு வழி கடல்தான். மாதோட்டம் என்னும் மாந்தைத் துறைமுகத்துக்குக் கீழைத்தேசக் கப்பல்களும் மேலைத்தேசக் கப்பல்களும் வந்து போயின. திருக்கேதீச்சரத்தைச் சம்பந்தரும் சுந்தரரும் பாடினர். 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டியபோதும், 1658இல் ஒல்லாந்தர் அதனைப் பறித்தபோதும், 1795இல் ஆங்கிலேயர் வந்தபோதும் அவர்களை இழுத்தது நிலத்தின் வளமன்று. கடலடியில் கிடந்த முத்தும், பாக்குநீரிணையின் மீதான காவலும்தான். முதல் ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்கென 1801க்கும் 1804க்கும் இடையில் அரிப்பில் ஒரு மாளிகையே எழுப்பினார். அதன் இடிபாட்டைக் கடல் இன்று தின்றுகொண்டிருக்கிறது. பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனார்ட் வூல்ஃப் 1906இல் மறிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்புப் பணியில் இருந்ததும் இதே கரையோரத்தில்தான்.

தரைப் பாதை முக்கியம் பெற்றது கோப்பியினால். மத்திய மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது அவற்றுக்கு உழைப்பாளர் தேவைப்பட்டனர். தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் ஆள் சேர்த்தனர். தேவிபட்டினம், தொண்டி, பாம்பன் முதலிய துறைகளில் தோணியேறி மன்னார்க் கரைகளில் இறங்கிய அம்மக்கள், அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை ஊடாக மாத்தளை வரை நடந்தனர். இடையில் அடர்ந்த காடு. குடிநீர் அரிது. வாந்திபேதியும் மலேரியாவும் உடன் நடந்தன. விழுந்தவரைத் தூக்கிச் செல்ல மற்றவருக்கு வலுவில்லை. பல்லாயிரவர் அந்தப் பாதையோரத்திலேயே மாண்டனர் என்பது தோட்டத்துறை வரலாறு எழுதிய எவரும் மறுக்காத செய்தி.

இங்கு நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அவர்கள் நடந்து வந்த அந்தப் பயணத்துக்கும் கட்டணம் இருந்தது. தோணிக்குக் கொடுத்தது, வழியில் உண்ட அரிசி, புறப்படுமுன் வீட்டில் விட்டுவந்த முன்பணம் யாவும் தொழிலாளியின் பெயரில் கடனாகப் பதியப்பட்டன. தோட்டத்தில் கால் வைக்கும்போதே அவன் கடன்காரன். இன்று நாம் வாகனத்தில் ஏறுவதற்கு முன்னர் விலை பேசுகிறோம். அவனோ நடந்து முடித்த பின்னரே தன் பயணத்தின் விலையை அறிந்தான். கூலி என்பது தமிழில் உழைப்புக்குக் கொடுக்கும் ஊதியத்தைக் குறிக்கும் சொல். அச்சொல்லே ஆங்கிலேயர் வாயில் மனிதருக்கான பெயராக மாறியது என்று அறிஞர் பலர் கருதுவர். அந்த மாற்றம் நடைபெற்ற பாதைகளுள் இதுவும் ஒன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில், இந்தியாவில் பரவிய பிளேக் நோய்க்கு அஞ்சி இந்த வடபாதை மூடப்பட்டது. அதன் பின்னர் வந்தது இருப்புப்பாதை. 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை நிறைவுற்றது. 1914 பெப்ரவரி 24ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, மார்ச் மாதம் முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கின. சென்னை எழும்பூரில் வாங்கும் ஒரே பயணச்சீட்டில் புகையிரதம், கப்பல், மீண்டும் புகையிரதம் என மாறிக் கொழும்பு வந்து சேரலாம். போட்மெயில் என்று இரு கரைத் தமிழரும் அழைத்த அந்தச் சேவையில் 'இர்வின்', 'கோஷன்' என்னும் கப்பல்களின் பெயர்களை எங்கள் பெற்றோர் தலைமுறை மறந்ததில்லை. புடவை வணிகரும், திரைப்பட விநியோகத்தரும், இசைக் கச்சேரிக்கு வந்த வித்துவான்களும் தலைமன்னார் இறங்குதுறையில் கால் பதித்தவர்களே. தோட்டத் தொழிலாளருக்கு வாசல் வேறு. மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, நோய்த்தடுப்புச் சோதனை முடிந்த பின்னரே அவர்கள் கடலைக் கடக்கலாம்.

1948இன் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்கப்பட்டது. ஒப்பந்தத்தின் மை காய்ந்து இரண்டு மாதமாகுமுன், அவ்வாண்டு டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு வந்த புகையிரதத்தைக் கடல் விழுங்கியது. இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையில் ஓடிய 'இராமானுஜம்' கப்பலே பின்னர் அம்மக்களை ஏற்றிச் சென்றது. மலையகத்திலிருந்து அவர்களைத் தலைமன்னாருக்குக் கொண்டுவந்த புகையிரதத்துக்கு அவர்களே 'அழுகைக் கோச்சி' என்று பெயர் சூட்டினர். பாட்டன் நடந்து ஏறிய வழியில் பேரன் அழுதுகொண்டு இறங்கிப் போனான்.

கப்பலும் 1984இல் நின்றது. அவ்வாண்டு டிசம்பர் 4ஆம் நாள், இராணுவ வாகனமொன்று கண்ணிவெடியில் சிக்கியதற்குப் பழிவாங்கலாக, மன்னார்ப் பகுதியில் படையினர் பொதுமக்களைச் சுட்டுக் கொன்றனர். பேருந்தில் சென்றோரும், அஞ்சலக ஊழியரும், வயலில் நின்றோரும் அதில் அடக்கம். அன்று தொட்டு மன்னார் வீதி அச்சத்தின் பெயராயிற்று. 1990இல் மன்னார்ப் பாலம் தகர்க்கப்பட்டது. இருப்புப்பாதையும் இல்லாமற் போனது. அதே ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர். எருக்கலம்பிட்டி முதலிய மன்னார்த் தீவின் ஊர்களில் இருந்தோர் உடைமைகளை இழந்து, படகுகளில் கற்பிட்டிக் கரைக்கு அனுப்பப்பட்டனர். புத்தளம் மாவட்டத்தின் கிடுகுக் கொட்டில்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. தமிழராகிய நாம் நம் துயரங்களைப் பட்டியலிடும்போது இந்த வரியைத் தவறவிடுவது வரலாற்றுக்குச் செய்யும் நேர்மையீனம். புத்தளத்திலிருந்து வில்பத்துக் காட்டின் ஊடாக மறிச்சுக்கட்டிக்கு வரும் பழைய பாதை 2010இல் திறக்கப்பட்டபோது, வனவிலங்குகளின் பெயரால் சூழலியலாளர்கள் உயர் நீதிமன்றம் சென்றனர். அவர்களது கவலை நியாயமானதே. அப்பாதையை நம்பியிருந்தவர்களுள் வீடு திரும்ப முயன்ற இம்மக்களும் இருந்தனர் என்பதையும் சேர்த்தே அந்த வழக்கை நோக்கவேண்டும்.

வாடகைக் கார் என்றதும் போர்க்காலத்தில் வடக்கில் வாழ்ந்தவர்களுக்கு ஒரே வாகனம்தான் நினைவுக்கு வரும். 1950களில் உருவான ஒஸ்ரின் ஏ-40. பெற்றோலுக்குத் தடை இருந்த 1990களில், காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர். வெண்புகை கக்கியபடி அவை நோயாளரையும், பிரசவத்துக்குச் செல்வோரையும், சில வேளைகளில் சவப்பெட்டியையும் சுமந்தன. உயிலங்குளத்தில் சோதனைச்சாவடி. அதற்கு இப்பால் ஓர் ஆட்சி, அப்பால் மற்றோர் ஆட்சி. 2007இல் செய்தி சேகரிக்கச் சென்ற நாளில் நான் கொழும்பில் பிடித்த வாகனம் மதவாச்சியோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் வாகனங்கள் செல்ல அனுமதியில்லை. பொதியைச் சுமந்துகொண்டு வரிசையில் நின்று, அடையாள அட்டையை நீட்டி, உடற்சோதனை முடித்து, மறுபுறம் நின்ற வேறு வாகனத்தில் ஏறவேண்டும். எனக்கு முன்னால் நின்ற முதியவர் ஒருவர் தன் பொதியை மூன்றாம் முறையாக அவிழ்த்துக் கட்டினார். அவர் மடுவுக்கு நேர்த்திக்கடன் தீர்க்கப் போய்க்கொண்டிருந்தார். மறு ஆண்டு ஏப்ரலில் மடு மாதாவின் திருச்சொரூபமே இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குச் சென்றது. ஓகஸ்டில் திரும்பி வந்தது.

போர் 2009இல் முடிந்தது. 2010 மார்ச்சில் யப்பானிய உதவியுடன் கட்டிய புதிய பாலம் திறக்கப்பட்டது. 2015 மார்ச் 14ஆம் நாள் இந்தியப் பிரதமர் மோடி தலைமன்னாரில் புகையிரத சேவையை மீண்டும் தொடக்கிவைத்தார். வீதி செப்பனிடப்பட்டது. விருந்தினர் விடுதிகள் எழுந்தன. நடுக்குடாக் கரையில் 2020இல் காற்றாலைகள் சுழலத் தொடங்கின. அவற்றின் அடுத்த கட்டத்துக்கு மீனவரும் ஊரவரும் 2025இல் தெருவில் இறங்கி எதிர்ப்புத் தெரிவித்ததையும் கண்டோம். காற்றைத் தேடி விளையாட வரும் ஐரோப்பியரும், கடற்பறவை பார்க்க வருவோரும் இன்று கே.டி.எச். வான்களில் வந்து இறங்குகின்றனர். மன்னார் இளைஞர் பலருக்கு வாகனம் ஓட்டுவது பிழைப்பாகியிருக்கிறது. இது மகிழத்தக்க மாற்றம்.

ஆனால், வாடகைப் பயணம் இன்னொரு திசையிலும் நடந்தது. 2022 மார்ச்சில், நாடு பொருளாதாரத்தில் சரிந்தபோது, மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் குடும்பங்கள் படகுக்குப் பணம் கொடுத்து இரவில் கடல் கடந்தன. தனுஷ்கோடியை அடுத்த மணல் திட்டுகளில் இறக்கிவிடப்பட்ட அவர்கள் சேர்ந்த இடம் பழைய மண்டபம் முகாம். ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் தோட்டத்துக்குப் போனவர்கள் காத்திருந்த அதே இடம்.

மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் நிறைவுற்றதை ஒட்டி, 2023 ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டது. முன்னோர் நடந்த வழியே நடந்து, ஓகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தது. மலையகத்தாரோடு வடக்குத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்கள நண்பர்களும் இடையிடையே சேர்ந்து நடந்தனர். வழியோர ஊர்களில் தண்ணீரும் உணவும் கொடுத்தார்கள். 16 நாள் நடந்த அத்தூரத்தை வாகனம் ஒரு பகற்பொழுதில் கடந்துவிடும்.

எனவே, மன்னாருக்கு வான் பிடிக்க விரும்பும் நண்பர்களுக்கு என் பரிந்துரை இதுதான். கூடுமானால் மன்னாரைச் சேர்ந்த சாரதியையே அமர்த்துங்கள். வாடகையும் அவ்வூரில் சேரும். வெளியூர்ச் சாரதி இராமர் பாலத்தைக் காட்டிவிட்டுத் திருப்பிவிடுவார். ஊர்க்காரரோ எந்த வளவில் யார் இருந்தனர், எந்த வீடு 1990இல் வெறுமையானது, எந்தக் குடும்பம் திரும்பியது என்பதையெல்லாம் ஓட்டிக்கொண்டே சொல்வார். பகலில் பயணம் செய்யுங்கள். மதவாச்சிக்கு அப்பால் சாரதியிடம் சொல்லி வேகத்தைச் சற்றே குறைக்கச் செய்யுங்கள். இருபுறமும் விரியும் பற்றைக்காட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டி, இவ்வழியே யார் நடந்தார்கள் என்று தமிழிலேயே சொல்லுங்கள். தலைமன்னாரில் பழைய இறங்குதுறை வரை சென்று வாருங்கள். பேசிய வாடகையைக் குறைக்காமல் கொடுங்கள்.