எலியின் மண்ணீரலில் சில புடைப்புகள்

மகள் பிறந்தபோது, தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைக்கும் ஒரு தனியார் வங்கிக்குப் பணம் கட்டினேன். பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கிற அப்பனிடம், "நாளைக்குக் குழந்தைக்கு ஏதாவது ஒண்ணுன்னா..." என்று ஒருவர் இழுத்தால் யார்தான் மறுப்பார்கள்? ஏகப்பட்ட நோய்களுக்கு ஸ்டெம் செல்தான் மருந்து என்று பளபளப்பான கையேட்டில் போட்டிருந்தது. அவள் இப்போது பத்தாவது படிக்கிறாள். போன மாதம் அலமாரியை ஒழிக்கும்போது அந்தக் கையேடு மறுபடி கைக்கு வந்தது. சரி, ஸ்டெம் செல்லால் நிஜமாகவே சிகிச்சை என்று ஒன்று உருவான கதை என்ன என்று தேட ஆரம்பித்தேன். இரண்டு மாதமாக ராத்திரிகள் அதிலேயே போய்விட்டன.

கதை அணுகுண்டில் தொடங்குகிறது. 1945ல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் வெடிப்பில் தப்பிய பலர், சில வாரம் கழித்து ரத்தம் கசிந்தும் தொற்று வந்தும் செத்துப்போனார்கள். கதிர்வீச்சு எலும்பு மஜ்ஜையை அழித்துவிட்டால் புது ரத்தம் ஊறாது. இதற்கு மாற்று தேடித்தான் ஆய்வுகள் கிளம்பின. 1949ல் சிகாகோவில் லியோன் ஜேக்கப்சன், எலியின் மண்ணீரலை மட்டும் ஈயத்தால் மறைத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தார். சாக வேண்டிய எலிகள் பிழைத்தன. 1951ல் லோரென்ஸ் குழு, கதிர்வீச்சு வாங்கிய எலிகளுக்கு வேறு எலியின் மஜ்ஜையை ஊசியில் ஏற்றியும் காப்பாற்றியது.

ஏன் பிழைத்தன என்பதில்தான் சண்டை. மஜ்ஜையிலிருந்து ஏதோ ஒரு ரசாயனம் ஊறி, எலியின் சொந்த செல்களைத் தட்டி எழுப்புகிறது என்றது ஒரு கட்சி. இல்லை, ஏற்றிய செல்களே குடியேறிப் பெருகுகின்றன என்றது இன்னொரு கட்சி. 1956ல் இங்கிலாந்தின் ஹார்வெல்லில், குரோமோசோமில் அடையாளம் உள்ள செல்களை ஏற்றிப் பார்த்தார்கள். பிழைத்த எலியின் மஜ்ஜையில் இருந்தவை அந்த அடையாளமுள்ள செல்கள்தான். செல் கட்சி ஜெயித்தது. ஆனால் மஜ்ஜையில் இருக்கிற அத்தனை வகையில் எந்த செல்?

இங்கேதான் டொரொண்டோ வருகிறது. ஜேம்ஸ் டில் இயற்பியல் படித்தவர், எர்னஸ்ட் மெக்கல்லோக் ரத்தநோய் மருத்துவர். மஜ்ஜை செல்கள் எவ்வளவு கதிர்வீச்சைத் தாங்கும் என்று அளப்பதுதான் அவர்கள் வேலை. ஸ்டெம் செல்லை அவர்கள் தேடவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கல்லோக் ஆய்வகத்துக்கு வந்து, மஜ்ஜை ஏற்றிப் பத்து நாள் ஆன எலிகளை அறுத்துப் பார்த்தார். மண்ணீரலில் புடைப்பு புடைப்பாக இருந்தது. வேறொருவராக இருந்தால் குறித்து வைத்துவிட்டுப் போயிருப்பார். இவர் எண்ணினார். ஏற்றிய செல்லின் எண்ணிக்கைக்கும் புடைப்பின் எண்ணிக்கைக்கும் வரைபடம் போட்டால் நேர்கோடு வந்தது. சுமார் பத்தாயிரம் மஜ்ஜை செல்லுக்கு ஒரு புடைப்பு.

நேர்கோடு என்றால், ஒவ்வொரு புடைப்பும் ஒரே ஒரு செல்லிலிருந்து முளைத்திருக்கலாம் என்று ஊகிக்க இடம் உண்டு. இதை 1961ல் வெளியிட்டார்கள். ஊகத்தை உறுதிசெய்ய, ஆன்ட்ரூ பெக்கர் என்ற மாணவரோடு சேர்ந்து ஒரு தந்திரம் செய்தார்கள். கதிர்வீச்சால் செல்களின் குரோமோசோம்களை ஆங்காங்கே உடைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடையாளம் வரும்படி செய்தார்கள். எங்கள் தொழிலில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி ஐடி கொடுத்து லாகில் தேடுவோமே, அதேதான். அடையாளமுள்ள புடைப்பைச் சோதித்தால், உள்ளே இருந்த செல் எல்லாவற்றிலும் ஒரே உடைப்பு. 1963ல் இது நேச்சரில் வந்தது. தன்னையும் புதுப்பித்துக்கொண்டு, பல வகை ரத்த அணுக்களையும் பெற்றெடுக்கும் ஒரு தாய் செல் மஜ்ஜையில் இருக்கிறது என்பதற்கு அளக்கக்கூடிய ஆதாரம் கிடைத்தது. தமிழில் இதைக் குருத்தணு என்கிறார்கள். வாழை விடுகிற குருத்தை நினைத்துக்கொண்டால் பொருத்தமான சொல்தான்.

ஒரு திருத்தமும் சொல்லிவிட வேண்டும். அந்தப் புடைப்புகளில் பெரும்பாலானவை அசல் குருத்தணுவின் பிள்ளைகள் இல்லை, அதற்கு அடுத்த தலைமுறை செல்களின் பிள்ளைகள் என்று பிற்பாடு தெரிந்தது. அசல் செல் இன்னும் அரிது. டெஸ்ட் கேஸில் பிசகு இருந்தும் முடிவு சரியாக வந்த கேஸ் இது.

இதே காலத்தில் நோயாளிகள் பக்கம் என்ன நடந்தது என்பதைப் படிக்கத்தான் மனசு கனத்தது. டொனால் தாமஸ் 1957ல் ஆறு நோயாளிகளுக்கு மஜ்ஜை ஏற்றியதை எழுதினார். நூறு நாளுக்குள் ஆறு பேரும் இறந்தார்கள். அறுபதுகளில் மற்றவர்கள் ஏற்றியதிலும் பெரும்பாலும் இதே கதி. பலர் இந்த வேலையையே விட்டுவிட்டார்கள். தாமஸ் விடவில்லை, நாய்களிடம் திரும்பிப் போனார். இணக்கமான திசுவைத் தேர்ந்தெடுப்பது, ஏற்றிய செல்கள் நோயாளியின் உடம்பையே தாக்காமல் தடுப்பது என்று வருஷக்கணக்கில் நாய்களில் சோதித்துவிட்டுத்தான் மனிதர்களிடம் வந்தார். 1977ல், வேறு வழியே இல்லாத லுகேமியா நோயாளிகள் நூறு பேரின் கணக்கை வெளியிட்டார். நோயில்லாமல் உயிரோடு இருந்தவர்கள் பதின்மூன்று பேர்.

பதின்மூன்றா என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் அந்த நூறு பேரும் மற்ற சிகிச்சை எதுவும் எடுபடாத நிலையில் வந்தவர்கள். நோய் முற்றுவதற்கு முன்பே செய்தால் என்ன என்று கேட்டு அப்படியே செய்தபோது எண்ணிக்கை ஏறியது. 1990ல் நோபல் பரிசு. வேலூர் சிஎம்சியில் மம்மன் சாண்டி குழுவினர் 1986லேயே மஜ்ஜை மாற்றைத் தொடங்கியிருந்தார்கள். தலசீமியா குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எங்கெங்கிருந்தோ அப்பா அம்மாக்கள் வேலூருக்கு வருவது இதனால்தான்.

கையேட்டுக்கு வருகிறேன். தொப்புள்கொடி ரத்தத்தை முதன்முதலில் சிகிச்சைக்குப் பயன்படுத்தியது 1988ல், பாரிஸில், எலியன் க்ளுக்மன். ஃபேன்கோனி ரத்தசோகை இருந்த ஒரு பையனுக்கு, அப்போதுதான் பிறந்த அவன் தங்கையின் ரத்தத்தைக் கொடுத்தார். தங்கையுடையது! அவனுடைய சொந்த ரத்தம் அவனுக்கு உதவியிருக்காது, அதிலும் அதே மரபணுக் கோளாறுதானே இருக்கும். இதைக் கையேட்டில் காணோம். ரத்தம் சார்ந்த நோய்களுக்கான மஜ்ஜை, ஸ்டெம் செல் மாற்றைத் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளெல்லாம் இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் என்று ஐசிஎம்ஆர் 2017 வழிகாட்டி நெறிகளிலேயே சொல்லியிருக்கிறது. குழந்தையின் சொந்த உபயோகத்துக்கென்று தனியார் வங்கியில் சேமிப்பதையும் அது பரிந்துரைப்பதில்லை. நான் படித்தது தாமதமாக, அவ்வளவுதான்.

சொந்த செல்லையே மருந்தாக்க முடியாதா? முடிகிறது, முதலில் அதைத் திருத்த வேண்டும். 2024 டிசம்பரில் வேலூர் சிஎம்சியின் அலோக் ஸ்ரீவாஸ்தவா குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. கடும் ஹீமோஃபீலியா உள்ள ஐந்து பேரின் சொந்தக் குருத்தணுக்களை எடுத்து, உறைதல் காரணி எட்டுக்கான மரபணுவை ஒரு வைரஸ் வழியாக உள்ளே வைத்து, கடும் மருந்தால் மஜ்ஜையைக் காலிசெய்துவிட்டுத் திருப்பி ஏற்றியிருக்கிறார்கள். அதற்குத் தேவைப்பட்டது பெரியவர்களான அவர்களிடமே அப்போது எடுத்த செல்கள்தான், பிறந்தபோது சேமித்து வைத்தவை அல்ல. கட்டுரை வந்தவரை ஐந்து பேருக்கும் ரத்தக்கசிவு வரவில்லை. ஐந்து பேர்தான், சின்ன எண்ணிக்கை. அந்த வைரஸ் மரபணுவை எப்படிச் சுமந்து போகிறது என்பதைத் தனிப் பதிவாக எழுதுகிறேன்.