தானே புயலும் நம் மனைகளும்

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாட் காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியதை நம் குலத்தார் மறந்திரார். கூரைக் குடிசைகள் பாழாயின. கான்கிரீட் மனைகள் நின்றன. பின்னர் அரசினர் குடிசைகளுக்கு ஈடாகக் கான்கிரீட் வீடுகள் அமைக்க முற்பட்டதை யாம் குறை கூறேம். ஆயினும், சிமெண்டு சுண்ணாம்புக்கல்லை ஏறக்குறைய 1,450 பாகை வெப்பத்திற் சுட்டு ஆக்கப்படுவது. எரிபொருட் புகையன்றி அக்கல்லினின்றும் கரியமிலவாயு வெளிப்படும். உலகில் மக்கட் செயலால் எழும் அவ்வாயுவில் ஏறத்தாழ 8 விழுக்காடு இதனால் விளைவது. சுண்ணாம்போ 900 பாகையளவில் வெந்து, சாந்தாய் இறுகுங்கால் கல் இழந்த வாயுவிற் பெரும்பகுதியை மெல்ல மீட்டுக்கொள்ளும்.

சிதம்பரத்துப் பழைய மனைகளில் உயர்ந்த திண்ணை வெள்ளத்தைத் தடுத்தது. முற்றம் வெம்மையைப் போக்கிற்று. புதுமனை கோலும் அன்பர்கள் காற்றைத் தாங்கும் தளத்திற்குச் சிமெண்டும் சுவருக்குச் சுண்ணாம்பும் கொள்க. கொத்தனார் சிலர் நகைப்பர். யாமும் அந்நகைப்புக்கு ஆளாயினேம்.